தொழில் மாறிய நண்பர்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. மாதம் முடிந்தால் சம்பளம், முதுமை வந்தால் ஓய்வூதியம் என்னும் இரு தூண்களின்மேல் எமது குடும்பங்கள் பல தலைமுறைகளாக நின்று வந்துள்ளன. ஆதலின், நாற்பது வயதைக் கடந்த ஒருவர், அதிலும் ஓர் ஆசிரியர், கையிலுள்ள உத்தியோகத்தைத் துறந்து வேறு தொழில் தேடிப் போகிறார் என்றால், அவருக்குக் கிரகபலன் சரியில்லைப் போலும் என்றே உற்றாரும் அயலாரும் எண்ணுவர். எம்முடன் ஒரே ஆசிரியர் அறையிலே பல ஆண்டுகள் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், 2023 ஆம் ஆண்டிலே பதவியை விட்டு நிதி ஆலோசகராகப் புறப்பட்டபோது ஊரார் பேசியதும் அவ்வாறே. அவர் பெயரை இங்கு கூறாது விடுகின்றோம். அவர் கண்டறிந்தவை தொழில் மாற எண்ணுவோருக்கும், ஆலோசகர் ஒருவரை வீட்டுக்குள் அழைத்து அமர்த்தும் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

நண்பர் கணித பாடம் கற்பித்தவர். வீட்டு வரவு செலவை மாணவர் கொப்பி ஒன்றிலே நாள்தோறும் எழுதி வைப்பது அவர் வழக்கம். 2022 ஆம் ஆண்டு அந்தக் கொப்பியைக் கலக்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவிலிருந்த அமெரிக்க டொலர், நடுப்பகுதியில் 360 ரூபாயை எட்டியது. செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு விலைச் சுட்டெண், ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது உயர்ந்து நின்றது. முந்திய ஆண்டிலே வங்கியில் நிலையான வைப்பிலிட்ட சாதாரண மனிதர் பெற்ற வட்டியோ நூற்றுக்குப் பத்தையும் தொடவில்லை. நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு நூற்றெழுபது ரூபாய் வேண்டியிருந்தது. வங்கியில் இருந்த நூறு ரூபாயோ நூற்றுப்பத்துக்கூட ஆகவில்லை.

“மாஸ்டர், நாங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி படிப்பிக்கிறம். எங்கடை வீட்டுக் காசு எந்தப் பக்கம் போகுதெண்டு எங்களுக்கே தெரியேல்லை” என்று அக்காலத்தில் ஒருநாள் நண்பர் எம்மிடம் கூறினார். சம்பளம் போதாமை அவரை வெளியே தள்ளிற்று என்பது உண்மை. ஆயினும், அவர் போன திசையைத் தீர்மானித்தது இக்கேள்வியே என்று நாம் நம்புகின்றோம்.

எமது ஊர்களிலே பணத்தைப் பற்றி ஆலோசனை கேட்கும் வழக்கம் புதிதன்று. காணி வாங்குவோர் நொத்தாரிசு ஐயாவைக் கேட்டனர். மகளுக்குச் சீதனம் எழுதுவோர் பரியாரியாரையோ, வாத்தியாரையோ, மலாயாவிலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பிய பெரியவரையோ நாடினர். காணியும் நகையும் சீட்டும் ஐக்கிய நாணய சங்கமுமே அன்று பணத்தை வைப்பதற்கு மக்கள் அறிந்த இடங்கள். அவற்றுள் எதுவும் மூடத்தனமானதன்று. ஆனால் இன்று நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல், கம்பனிப் பங்கு, காப்புறுதி எனப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று உள்ளே வரும்படி அழைக்கிறார். அவ்வாறு அழைப்பவர் யாருடைய நன்மைக்காக அழைக்கிறார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நண்பர் சேர்ந்தது ஒரு காப்புறுதி நிறுவனத்திலே. அதற்குரிய பரீட்சையில் தேறி முகவராகப் பதிவு பெற்றார். பெயர்ச்சீட்டில் “நிதி ஆலோசகர்” என்று அச்சிடப்பட்டிருந்தது. முகவர் என்பவர் ஒரு நிறுவனத்தின் பொருளை விற்பவர். ஆலோசகர் என்பவர் கேட்பவரின் நன்மையை ஆராய்ந்து சொல்பவர். இரண்டு வேலைகளும் நேர்மையானவையே. ஆனால் ஒரே மனிதர் இரண்டையும் ஒரே வேளையில் செய்யும்போதுதான் சங்கடம் பிறக்கிறது. முகவருக்குக் கிடைக்கும் தரகு, பத்திரம் எழுதிய முதலாண்டிலே மிகுதியாகவும் பின்வரும் ஆண்டுகளில் குறைந்தும் வருவது இத்தொழிலின் பொதுவான முறை. எனவே, பழைய வாடிக்கையாளரைப் பேணுவதிலும் புதியவரைப் பிடிப்பதிலேயே இலாபம் அதிகம்.

முதல் வாரத்திலே அவருக்கு இடப்பட்ட பணி, அறிந்தவர் நூறு பேரின் பெயரைத் தாளில் எழுதுவது. மற்றையோர் முப்பது பெயரை எழுதவே தடுமாறியபோது, நண்பர் ஒரே மாலையில் எழுதி முடித்தார். பழைய மாணவர், அவர்தம் பெற்றோர், உடன் கற்பித்தோர் என அந்தத் தாள் நிரம்பிற்று. ஆசிரியர் ஒருவர் இத்தொழிலுக்கு வரும்போது கொண்டு வரும் முதல் அது. பத்தொன்பது ஆண்டுகள் சுண்ணக்கட்டியோடு நின்று தேடிய நம்பிக்கை முழுவதும் அத்தாளிலே இருந்தது. “சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று எண்ணி, வாசித்துப் பாராமலே ஒப்பமிடக் கூடியவர்கள் அந்த நூறு பேரும். இந்த முதலை வைத்து ஓராண்டிலே பெரும்பணம் ஈட்டலாம். ஆனால் ஒருமுறை செலவானால் மீண்டும் சேராத முதல் அது.

அத்தாளிலே எமது தமக்கையார் பெயரும் இருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தேழு. கணவர் தனியார் நிறுவனமொன்றிலே பணியாற்றிக் காலமானவர். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வந்த பதினைந்து இலட்சம் ரூபாய் வங்கியிலே கிடந்தது. மக்கள் இருவரும் குடும்பமாகிவிட்டனர். அவர் இசைவோடு நாமே நண்பரை வீட்டுக்கு அழைத்தோம். நண்பர் பத்து ஆண்டுக் காப்புறுதித் திட்டமொன்றின் விளக்கத் தாள்களோடு வந்து விறாந்தையில் அமர்ந்தார். அம்மாதம் அவருக்கு ஒரு பத்திரமும் எழுதுப்படவில்லை என்பதை நாம் அறிவோம்; அவர் துணைவியாரின் சம்பளத்திலேதான் வீடு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் அறிவோம்.

அவர் தாள்களை விரிக்குமுன் சில கேள்விகள் கேட்டார். “அக்கா, உங்கடை உழைப்பை நம்பி ஆரும் இருக்கினமோ?” இல்லை என்றார் தமக்கையார். “கடன் ஏதும்?” சிறிது தயங்கி, கணவரின் வைத்தியச் செலவுக்காக நகைகளை அடைவு வைத்திருப்பதையும், மூன்று இலட்சம் அளவில் கட்ட வேண்டியிருப்பதையும் அவர் சொன்னார். எமக்கே அது புதிய செய்தி.

நண்பர் கொண்டு வந்த தாள்களைப் பைக்குள்ளே வைத்துவிட்டார். “இது உங்களுக்கு வேண்டாம், அக்கா” என்று சொல்லி, வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினார். முதலில் நகையை மீட்பது. அடைவுக்குக் கட்டும் வட்டி வைப்பிலே கிடைக்கும் வட்டியிலும் அதிகம் ஆகையால், அதனிலும் சிறந்த முதலீடு அவருக்கு இல்லை. இரண்டு இலட்சம் எந்நேரமும் எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கிலே. எஞ்சிய பத்து இலட்சத்தை மூன்று பங்காக்கி, மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என வெவ்வேறு தவணைக்கு நிலையான வைப்பிலிடுவது. வட்டி ஏறினாலும் இறங்கினாலும் முழுப்பணமும் ஒரே வேளையில் அகப்படாது. சேமிப்புக் கணக்கும் நிலையான வைப்பும் வேறு வேறு வங்கிகளில் இருப்பது நல்லது. ஏனெனில், 2021 ஆம் ஆண்டிலே உயர்த்தப்பட்ட வைப்புக் காப்புறுதி எல்லை, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்குப் பதினொரு இலட்சம் ரூபாய்.

“அப்ப இதிலை உமக்கு என்ன லாபம், தம்பி?” என்று தமக்கையார் கேட்டார்.

“ஒரு தேத்தண்ணி தாங்கோ, அக்கா” என்றார் நண்பர்.

அவர் சொன்னதிலே மறைபொருள் எதுவும் இல்லை. ஆயுட் காப்புறுதி என்பது, உழைப்பவர் இறந்தால் அவரை நம்பியிருப்போர் தெருவில் நில்லாதபடி கட்டும் அணை. நம்பியிருப்போர் இல்லாத இடத்தில் அணைக்கு வேலை குறைவு. மேலும், இத்தகைய நீண்டகாலத் திட்டங்களில் முதற் சில ஆண்டுகளுக்குள் கட்டுப்பணத்தை நிறுத்தினால், கட்டியதிலும் குறைந்த தொகையே கைக்கு வரும். சில வேளை ஒன்றும் வராது. இவையெல்லாம் பத்திரத்திலே எழுதியிருப்பவையே. ஆனால், வாசித்துச் சொல்பவருக்கு அதனால் நட்டம் உண்டு. அன்று நண்பர் அந்த நட்டத்தை ஏற்றார். மாத இலக்கு எட்டப்படாமைக்கு மேலாளரிடம் விளக்கமும் சொல்ல நேர்ந்தது. பெயர்ச்சீட்டிலே அச்சிட்டிருந்த சொல்லுக்கு அவர் உரியவரானது அந்நாளிலேதான் என்பது எமது துணிபு.

சில மாதங்களின் பின் தமக்கையார் அயல்வீட்டு இளைஞர் ஒருவரை நண்பரிடம் அனுப்பி வைத்தார். அவ்விளைஞர் முச்சக்கரவண்டி ஓட்டுபவர், இரண்டு கைக்குழந்தைகள், வண்டிக்கடன் தீரவில்லை. அவருக்கோ அணை மிக அவசியம். குறைந்த கட்டுப்பணத்தில் அதிக காப்புத் தரும் எளிய பத்திரமொன்றை நண்பர் எழுதிக் கொடுத்தார். அதில் வந்த தரகு சிறிது. ஆயினும் அவ்விளைஞர் வழியாக மேலும் நால்வர் வந்தனர். இவ்வாறு வந்தோரே இன்று நண்பரின் வாடிக்கையாளருள் பெரும்பகுதியினர். இதனை அறத்தின் வெற்றி என்று முழங்க நாம் விரும்பவில்லை. அவர் ஆசிரியராகப் பெற்ற சம்பளத்தை மீண்டும் எட்ட இரண்டு ஆண்டுகள் சென்றன. அவரோடு சேர்ந்தோர் பலர் அதற்கு முன்னரே விலகிவிட்டனர்.

ஆலோசனையையும் தரகையும் பிரித்துவிட வேண்டும் என்று சில நாடுகள் சட்டமே செய்துள்ளன. பிரித்தானியாவிலே, பொதுமக்களுக்கு முதலீட்டு ஆலோசனை கூறுவோர், பொருளை விற்கும் நிறுவனத்திடம் தரகு பெறுவது 2012 ஆம் ஆண்டின் இறுதியோடு தடுக்கப்பட்டது. ஆலோசனை கேட்பவரே கூலி கொடுக்கிறார். இந்தியாவிலும் 2013 ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகருக்கெனத் தனி விதிகள் வந்தன. எமது நாட்டிலே காப்புறுதி முகவர் தரகு பெறுவது சட்டத்துக்கு உட்பட்டதே. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் அத்தொழிலை ஒழுங்குபடுத்துகின்றது. ஆனால் எந்தச் சட்டமும் விறாந்தையிலே வந்து அமர்வதில்லை. அங்கே இருப்பவை ஒரு மனிதரின் மனச்சாட்சியும் மற்றவரின் விழிப்புமே.

“நீங்களும் வாருங்கோவன், மாஸ்டர்” என்று நண்பர் எம்மை அழைத்ததுண்டு. எமது மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வயதினள். பணத்தின் தேவை எமக்கும் தெரியும். ஒரு மாதகாலம் நாமும் இல்லாளும் இதனைப் பேசினோம். அம்மாதத்திலே நாமும் எமது நூறு பெயரை மனத்துக்குள் எழுதிப் பார்த்தோம். வீட்டிலே அரிசி குறைந்திருக்கும் நாளில், அந்த நூறு பேருள் ஒருவரிடம் “இது உமக்கு வேண்டாம்” என்று சொல்லி எழுந்து வர எம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்த்தோம். இயலும் என்று துணிந்து கூற மனம் இடங்கொடுக்கவில்லை. நண்பருக்கு அத்துணிவு வாய்த்தது. அவர் போனது முறை. எமக்கு வகுப்பறையே தக்கது என்று இருந்துவிட்டோம்.

தொழில் மாற எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வூதியத்துக்குரிய சேவைக்காலம், வயது பற்றிய விதிகளைப் படியாது விலகல் கடிதத்திலே ஒப்பமிடாதீர்கள். ஓராண்டு வீட்டுச் செலவு கையில் இல்லாது இறங்காதீர்கள். பசித்தவர் கூறும் ஆலோசனையில் பசியும் கலந்துவிடும். முறையான பரீட்சையும் பதிவும் இன்றி ஆலோசகர் என்று பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. ஆலோசகர் வந்தால் தேநீர் கொடுங்கள், கொடுத்துவிட்டுக் கேளுங்கள். இதில் உங்களுக்கு யார் பணம் தருகிறார்? எங்கே பதிவு பெற்றுள்ளீர்கள்? இடையிலே நிறுத்தினால் எனக்கு எவ்வளவு திரும்பும்? நல்லவர் இக்கேள்விகளால் மகிழ்வார். அல்லாதவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவோம் என்று ஒருவர் சொன்னால், அதனைப் பன்னிரண்டு மாதம் கூட்டுவட்டியாகப் பெருக்கிப் பாருங்கள். நூறு ரூபாய் ஓராண்டிலே 313 ரூபாய்க்கு மேலாகும். எந்த நேர்மையான வியாபாரம் அவ்வாறு விளையும்? பின்னே வருபவரின் பணத்தை முன்னே வந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டங்கள் எமது வங்கிச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். மாதாமாதம் புதிய பெயர்களோடு அவை வந்தாலும், உங்கள் கணக்குக் கொப்பியிலே அவை தப்ப மாட்டா.

வள்ளுவர் பொருட்பாலுக்கு எழுபது அதிகாரங்களை வகுத்தார். ஆயினும் அறத்துப்பாலையே முன்வைத்தார். பணத்தைப் பற்றிப் பிறருக்குச் சொல்ல வருவோர் அந்த வைப்புமுறையை மறவாதிருந்தால், அவர்கள் எந்தத் தொழிலிலிருந்து வந்தவராயினும் எமது வீட்டு விறாந்தையிலே அவர்களுக்கு ஒரு கதிரை எப்போதும் இருக்கும்.