மலையில் பாட்டிலுக்குத் தடை... நம் வாய்க்காலில்?

கேத்தியில் கேரட் போட்டிருக்கும் நண்பர் ஒருவரின் தோட்டத்தைப் பார்க்க, போன மாதம் நானும் வீட்டுக்காரம்மாவும் காரில் கிளம்பினோம். பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வைப்பவன் நான். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு, வழிக்கு ஆகட்டும் என்று இரண்டு தண்ணீர் பாட்டில்களை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன்.

மலை ஏறத் தொடங்குமுன் சோதனைச்சாவடி. பணியில் இருந்த பெண் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

“அண்ணா, இந்த பாட்டிலை மேல கொண்டுபோகக் கூடாதுங்க. வேற பாத்திரம் இருந்தா ஊத்திக்கோங்க.”

“காசு கொடுத்து வாங்கினதுங்க” என்று முனகினேன்.

“எந்த ஊருங்க?”

“பெருந்துறைப் பக்கம்.”

“காட்டுல வீசுனா யானை திங்குது. மிச்சத்தை மழை இழுத்துட்டு உங்க ஊருக்குத்தாங்க வரும்” என்றார். வீட்டுக்காரம்மா பேசாமல் சோற்றுத் தூக்கைக் கழுவி, தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டார்.

அந்தப் பெண் சொன்னதில் தப்பில்லை. நீலகிரியின் தெற்குச் சரிவில் விழும் மழை பவானியில் சேர்கிறது. வடக்குச் சரிவின் தண்ணீர் மோயாறாக ஓடுகிறது. இரண்டும் கலப்பது பவானிசாகர் அணையில். அங்கிருந்து சுமார் 200 கி.மீ. நீளும் கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2,07,000 ஏக்கர் இருக்கிறது. அதில் நாலு ஏக்கர் என்னுடையது.

14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி குன்னூர் போய்ச் சேர்ந்தோம். அங்கங்கே நாணயம் போட்டால் குடிநீர் கொடுக்கும் இயந்திரங்கள். தூக்கிலேயே பிடித்துக்கொண்டோம். கடைகளில் துணிப்பை, காகிதப்பைதான். குறிப்பிட்ட சில பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால், நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

கேத்தியில் நண்பரிடம் இதைச் சொன்னேன். “ஆரம்பத்துல நாங்களும் திட்டுனோமுங்க. இப்ப பழகிப்போச்சு” என்று சிரித்தார். பிறகு மதுபாட்டில் கதையைச் சொன்னார். காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைக் கொடுத்துவிடுவார்கள். “குடிச்சவன் வீசிட்டுப் போனாலும் வேற யாராவது பொறுக்கிட்டு வந்துடறாங்க. அதுக்குன்னு ஒரு விலை இருக்குதல்லங்க” என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, மடை திருப்ப வாய்க்கால் கரைக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து, முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். என் வயலை ஒட்டிய கரையில் மட்டும் 17 காலி மருந்து பாட்டில்கள். அவற்றில் ஒன்பது நான் அடித்த மருந்து. சில பாட்டில்களில் அடியில் இன்னும் மருந்து இருந்தது. அந்த வாய்க்காலில்தான் எங்கள் எருமைகள் தண்ணீர் குடிக்கின்றன. இவ்வளவு நாளும் மலையில் இருந்து வரும் குப்பையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கீழே கடைமடையில் இருப்பவருக்கு நான்தான் மலை!

அன்றிலிருந்து மருந்து தீர்ந்த பாட்டிலை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய மருந்தும் வீணாவதில்லை. பிறகு, வேறு எதற்கும் யாரும் பயன்படுத்தாதபடி பாட்டிலில் ஓட்டை போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு சாக்கில் பூட்டி வைக்கிறேன். எரிப்பதில்லை. அந்தப் புகையும் விஷம்தான்.

சாக்கு நிறைந்ததும் மருந்துக் கடைக்குக் கொண்டுபோனேன். “இதையெல்லாம் யாருமே திருப்பிக் கேட்டதில்லைங்களே” என்றார் கடைக்காரர். 2016-ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், விற்ற பொருளின் பிளாஸ்டிக் உறைக்கான பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதைச் சொன்னதும், கம்பெனிக்காரர் வரும்போது கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சாக்கு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. நான் ஒருத்தன் கேட்டால் நகராது. ஒரு மடைக்காரர்கள் அத்தனை பேரும் சாக்கோடு போய் நின்றால் நகரும்.

இந்த முறை தண்ணீர் திறப்பதற்குள் உங்கள் வயல் ஓரக் கரையிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அங்கே சோதனைச்சாவடி கிடையாது. நாம்தான் இருக்கிறோம்.