கூடையில் சேர்த்த துணுக்குகள்

பல ஆண்டுகளுக்கு முன் அயல்நாடு சென்று திரும்பிய உறவினர் ஒருவர் நமக்கு ஓர் ஒலிப்பேழையைக் கொணர்ந்து தந்தார். மேலைச் செவ்விசையிலிருந்து எல்லாருக்கும் பிடித்தமான பதினாறு உருப்படிகளைத் தெரிந்தெடுத்துத் தொகுத்த பேழை அது. மேலட்டையில் நிலவொளி படர்ந்த ஓர் ஏரி. எந்த உருப்படியும் ஆறேழு நிமிடங்களுக்கு மேல் நீளவில்லை. இசையின் இலக்கணம் அறியாதவரும் களைப்பு நீங்கக் கேட்டு மகிழலாம் என்பது அட்டையில் கண்ட வாக்குறுதி. நாம் இசை பயின்றவர் அல்லோம். ஆகவே அவ்வாக்குறுதி நமக்கென்றே எழுதப்பட்டதாகத் தோன்றிற்று. நாள்தோறும் மாலையில் பணி முடிந்து வந்ததும் அப்பேழையை ஓடவிட்டுக் கண்மூடி அமர்வது நம் வழக்கமாயிற்று.

நம் பங்கின் பாடற்குழுவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தி வந்த பெரியவர் ஒருவர் அந்நாளில் இருந்தார். நாம் அவரை 'அண்ணன்' என்றே அழைப்போம். புனித வாரம் வந்துவிட்டால், பாக் இயற்றிய மத்தேயு நற்செய்தியின் பாடுகளை இசைத்தட்டில் முதலிலிருந்து இறுதிவரை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், அசையாமல் அமர்ந்து கேட்பவர் அவர். ஒரு மாலை நம் இல்லத்துக்கு வந்தவர் பேழையின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு அதை மேசைமீது வைத்துவிட்டு, "தம்பி, இது விருந்து இல்லை. பல பந்திகளில் மிஞ்சியதை ஒரே இலையில் கொட்டி வைத்திருக்கிறார்கள்" என்றார். நமக்கு முகம் சுண்டிப் போயிற்று. அதற்குப் பின் அவர் வரும் ஓசை கேட்டால் பேழையை நிறுத்திவிடுவோம்.

எனினும் அவர் கூற்றில் உண்மை இருந்ததை ஆராய ஆராய அறிந்துகொண்டோம். நம் பேழையின் முதல் உருப்படி பீத்தோவனின் 'நிலவொளி' சொனாட்டா. 1801-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அந்தப் பியானோப் படைப்புக்கு அவர் இட்ட பெயர் அதுவன்று. அவர் 1827-இல் மறைந்த பின்னரே ரெல்ஸ்டாப் என்னும் திறனாய்வாளர் கூறிய ஓர் உவமையிலிருந்து அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அட்டையில் இருந்த ஏரியும் அவ்வுவமையிலிருந்து வந்ததே. மூன்று பகுதிகள் கொண்ட அப்படைப்பில் பேழை நமக்குத் தந்தது அமைதியான முதற்பகுதி மட்டுமே. மூன்றாம் பகுதியோ புயல். தம் செவிப்புலன் மங்கி வருவதை அதே 1801-ஆம் ஆண்டின் சூன் திங்களில் பீத்தோவன் தம் நண்பராகிய மருத்துவருக்குக் கடிதத்தில் எழுதினார். அந்த மனிதரின் படைப்பிலிருந்து புயலை நீக்கிவிட்டு நிலவை மட்டும் எடுத்து நம் களைப்புக்கு மருந்தாக்கியிருந்தார்கள்.

இன்னும் பெரிய குறை ஒன்று உண்டு. பேழையின் கடைசி உருப்படி ஹேண்டலின் 'மெசியா'விலிருந்து எடுத்த அல்லேலூயாப் பாடல். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 தொடங்கி செப்டம்பர் 14 முடிய இருபத்து நான்கே நாள்களில் ஹேண்டல் இப்பெரும் படைப்பை எழுதி முடித்தார். அதன் முதற்பாகம் இறைவாக்குகளையும் மீட்பரின் பிறப்பையும் பாடுவது. மூன்றாம் பாகம் இறந்தோரின் உயிர்ப்பைப் பாடுவது. இரண்டாம் பாகமோ சிலுவைப்பாட்டில் தொடங்குகிறது. எசாயா கண்ட துன்புறும் ஊழியனைப் பற்றிய நீண்ட துயரப் பாடல் ஒன்று அதன் தொடக்கத்தில் வருகிறது. இகழ்ச்சி, கைவிடப்படுதல், சாவு, கல்லறை ஆகிய அனைத்தையும் கடந்த பின்னரே, அப்பாகத்தின் முடிவில் அல்லேலூயா எழுகிறது. நாமோ பெரிய வெள்ளியைக் கேளாமலே உயிர்ப்பின் ஆரவாரத்தை மாலைதோறும் சுவைத்துக் கொண்டிருந்தோம். நம் விசுவாச வாழ்விலும் இதைத்தானே செய்கிறோம் என்ற எண்ணம் நம்மைச் சற்றே உறுத்தியது.

அப்படியாயின் பேழையைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானா? மனம் ஒப்பவில்லை. ஏனெனில், துணுக்கு என்று இகழப்பட்ட உருப்படிகள் ஒவ்வொன்றும் நம்மை வந்தடைந்த கதையைத் தேடிப் படித்தபோது வேறோர் உண்மையும் புலப்பட்டது.

இயேசுவே மானிடரின் மகிழ்ச்சி என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் வழங்கும் பாக்கின் இசையை எடுத்துக்கொள்வோம். 1723-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவுக்காக, லைப்சிக் நகரின் லூத்தரன் ஆலயத்தில் பாடப்பட்ட வழிபாட்டு இசையின் ஒரு பகுதி அது. பாடற்குழு நிதானமாகப் பாட, அதைச் சுற்றி இசைக்கருவிகள் ஓய்வின்றிச் சுழன்று ஓடும். இப்பகுதியை ஆங்கிலப் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் தனிப் பியானோவுக்கு மாற்றி 1926-இல் வெளியிட்டார். வழிபாட்டிலிருந்து பிரித்ததும், பாடற்குழுவை நீக்கியதும் ஒருவகையில் சிதைவே. ஆனால் 1939-இல் உலகப்போர் மூண்டு இலண்டனின் இசையரங்குகள் மூடப்பட்டபோது, ஓவியங்கள் அகற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த தேசிய ஓவியக் காட்சியகத்தில் நண்பகல் இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கியவரும் அதே மைரா ஹெஸ்தான். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அங்கே நடந்தன. உணவு இடைவேளையில் ஓடிவந்து அமர்ந்த எழுத்தரையும் படைவீரரையும் நோக்கி, முழு வழிபாட்டுக்கும் நேரமிருந்தால் மட்டும் வாருங்கள் என்று எவரும் சொல்லவில்லை.

மறதியிலிருந்து மீண்டு வந்தவையும் நம் பேழையில் இருந்தன. 1706-இல் மறைந்த பாஹெல்பெல்லின் 'கேனன்' அச்சேறியது 1919-இல்தான். எட்டே சுரங்கள் கொண்ட அடித்தளத்தை இருபத்தெட்டு முறை மீட்டும் மீட்டும் ஒலிக்கச் செய்து, அதன்மேல் மூன்று வயலின்கள் ஒன்றையொன்று பின்தொடரும் அந்த எளிய இசையை, 1968-இல் பையார் என்னும் பிரெஞ்சு இசைநெறியாளர் செய்த ஒலிப்பதிவே உலகறியச் செய்தது. 1703-இல் குருப்பட்டம் பெற்று, வெனிசு நகரத்து ஆதரவற்ற சிறுமியருக்கு வயலின் கற்பித்த விவால்டி அடிகளும், 1741-இல் வியன்னாவில் வறுமையில் இறந்தபின் நெடுங்காலம் மறக்கப்பட்டே கிடந்தார். இன்று அவருடைய 'நான்கு பருவங்கள்' ஒலிக்காத தொகுப்பில்லை.

தொகுப்புகள் தரும் பெயர்களை அப்படியே நம்புவதும் தவறு என்பதையும் கற்றோம். ஆல்பினோனியின் பெயரால் வழங்கும் 'அடாஜியோ'வை இயற்றி 1958-இல் வெளியிட்டவர் ஜியாசொட்டோ என்னும் இருபதாம் நூற்றாண்டு இத்தாலியர். சூபெர்ட்டின் புகழ்பெற்ற 'ஆவே மரியா' மங்கள வார்த்தை செபத்துக்கு அமைத்த இசையன்று. வால்டர் ஸ்காட் எழுதிய காப்பியமொன்றில், தந்தையோடு குகையில் ஒளிந்து வாழும் இளம்பெண் அன்னையை நோக்கி மன்றாடும் பாடலின் செருமானிய மொழிபெயர்ப்புக்கு 1825-இல் அமைத்தது. இலத்தீன் செபம் பின்னாளில் அதில் பொருத்தப்பட்டது. மற்றொரு 'ஆவே மரியா'வோ, 1722-இல் பாக் தொகுத்த விசைப்பலகை இசைப் பயிற்சிகளின் முதல் இசைமீது, நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் குனோ என்னும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் ஒரு மெட்டை மிதக்கவிட்டதால் பிறந்தது. லூத்தரன் ஒருவர் இட்ட தளத்தின்மேல் கத்தோலிக்கர் ஒருவர் அன்னைக்கு எழுப்பிய சிற்றாலயம் என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் அண்ணனிடம் சொல்லி வழக்காட வேண்டுமென்று எண்ணியிருந்தோம். அதற்குள் அவர் நோயில் விழுந்தார். நுரையீரலைப் பற்றிய நோய். பாடிப் பாடிப் பழகிய நெஞ்சு ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இளைத்தது. ஒரு நாள் மாலை அவரைக் காணச் சென்றோம். தட்டுகள் வரிசையாய் அடுக்கப்பட்டிருந்தன. கருவியின்மேல் தூசி படிந்திருந்தது. "கேட்பதில்லையா, அண்ணா?" என்றோம். "மூன்று மணி நேரம் உட்கார உடம்பு எங்கே இருக்கிறது?" என்றவர், சற்று நேரம் கழித்து, "உன்னிடம் அந்த எச்சில் இலை இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார்.

மறுநாள் பேழையை எடுத்துச் சென்றோம். அவர் கேட்டது ஒரே உருப்படியைத்தான்: மொசார்ட்டின் 'ஆவே வேரும்'. நற்கருணையில் எழுந்தருளும் ஆண்டவரின் உண்மையான உடலை வணங்கும் பழைய இலத்தீன் பாடல் அது. 1791-ஆம் ஆண்டு சூன் 17-ஆம் நாள் என்று தேதியிட்டு மொசார்ட் எழுதிய இவ்விசை நாற்பத்தாறு தாளக்கட்டுகளே கொண்டது. மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆறு திங்கள் கழியுமுன், முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் என்னும் சிற்றூரின் ஆலயப் பாடற்குழுத் தலைவர் அந்தோன் ஸ்டோல் என்பவருக்காக, நற்கருணைத் திருவிழாவை முன்னிட்டு எழுதித் தந்தது அது. "ஒரு சின்ன ஊர்ப் பாடற்குழுக்காரனுக்கு எழுதியது, தம்பி. எங்களைப் போன்றவனுக்கு" என்றார் அண்ணன். அந்த மூன்று நிமிடங்களும் அவர் விரல்கள் போர்வையின்மேல் மெல்லத் தாளம் காட்டிக்கொண்டிருந்தன. எதிரே அவர் குழு நின்றிருந்தது போலும். முடிந்ததும், "முழுப் பந்தியில் உட்கார முடியாதவனுக்கு ஒரு பிடி சோறும் விருந்துதான். நான்தான் அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன்" என்றார்.

நாம் மறுத்து, அவர் சொன்னதும் சரிதான் என்றோம். அல்லேலூயாவுக்கு முன்னால் உள்ளதை நாம் இதுவரை கேட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொண்டோம். அவர் தம் அடுக்கைச் சுட்டிக்காட்டி, 'மெசியா'வின் தட்டுகளை எடுத்துச் செல்லுமாறு பணித்தார். "தவக்காலத்தில் கேள். நடுவில் எழுந்திருக்காதே" என்றார். அவர் நமக்குச் சொன்ன கடைசிச் சொற்களில் அவையும் சேர்ந்துவிட்டன. சில வாரங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலியில் அவருடைய பிள்ளைகள் போன்ற பாடற்குழுவினர் அழுதுகொண்டே பாடினார்கள்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தோம். இரண்டரை மணி நேரம். நடுவில் எழவில்லை. துன்புறும் ஊழியனின் பாடல் வந்தபோது போர்வைமேல் அசைந்த விரல்கள் கண்முன் நின்றன. பல ஆண்டுகளாகப் பழகிய அல்லேலூயா இறுதியில் எழுந்தபோது, அதை முதன்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது. இப்படைப்பு முதன்முதல் 1742-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-இல் டப்ளின் நகரில் அரங்கேறியபோது, அதன் வருவாயில் ஒரு பங்கு கடன்பட்டுச் சிறையிலிருந்தோரை மீட்கப் பயன்பட்டது. 142 பேர் விடுதலை பெற்றனர் என்பதை முன்பே படித்திருந்தோம். சிறைக்கதவு திறக்கும் ஓசை அந்த ஆரவாரத்துக்குள் இருப்பதை அன்றுதான் கேட்டோம்.

இன்னொன்றும் அன்று விளங்கிற்று. 'மெசியா'வின் சொற்கள் சார்லஸ் ஜென்னன்ஸ் என்பவர் விவிலியத்தின் பல ஏடுகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் கோத்தவை. அதுவும் ஒரு தொகுப்பே. ஞாயிறுதோறும் திருப்பலியில் நாம் கேட்கும் வாசகங்கள் மட்டும் என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவார்த்தையின் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட விரும்பியதன் பயனாக, 1969-இல் மூன்றாண்டுச் சுழற்சியில் வகுத்தளிக்கப்பட்ட துணுக்குகள்தாமே அவை? வயலிலிருந்து நேரே வந்தவரும், முழங்கால் நோகும் பாட்டியும் அந்தச் சில வரிகளில் உயிர் பெறுகிறார்கள். எனினும், அவ்வரிகளோடு நின்றுவிட்டு நூலைத் திறவாமலே இருப்பவருக்குச் சிலுவை இல்லாத கிறிஸ்துவே வாய்ப்பார்.

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவுற்ற பின், எஞ்சிய துணுக்குகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. கூடையில் கிடந்ததும் அவர் பிட்ட அப்பமே. பந்திக்குப் பிந்தி வந்தவர் அதை உண்டு பசியாறலாம். ஆனால் இதைப் பிட்டவர் யார், எந்த மலையில் இருக்கிறார் என்று கேட்டறிந்து அங்கே நடந்து செல்வதும் அவர் கடன்.

அந்த ஒலிப்பேழை தேய்ந்துவிட்டது. அதை ஓட்டும் கருவியும் இன்று நம் வீட்டில் இல்லை. அண்ணனின் தட்டுகளைப் பாடற்குழுவின் இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம். நற்கருணைத் திருவிழாவில் அவர்கள் அந்த நாற்பத்தாறு தாளக்கட்டுகளைப் பாடுகிறார்கள். நாம் பின்வரிசையில் நின்று கேட்கிறோம். இப்போது யார் வரும் ஓசை கேட்டாலும் வெட்கப்படுவதில்லை.