சூளை ஏறாத பிஸ்கட்

எங்கள் வீட்டில் ‘பிஸ்கட்’ என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, நீங்கள் டீயில் தோய்த்துச் சாப்பிடுவது. இன்னொன்று, என் கணவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, “இன்னிக்கு பிஸ்கட் நல்லா வந்துச்சு, ஒண்ணுகூட விரிசல் இல்ல” என்பாரே, அது. கல்யாணமாகி வந்த புதிதில், பேக்கரியில் வேலை பார்ப்பவரை செராமிக் கம்பெனி என்று சொல்லிக் கட்டிவைத்துவிட்டார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம்!

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் போக எங்கள் ஊருக்குப் பெயர் பீங்கானால். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழில்நுட்பம் படிக்கவென்றே பயிலகமும் இருக்கிறது. களிமண் குழம்பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, காயவைத்து, முதல் தடவை சூளையில் சுட்டு எடுத்தால் அதற்குப் பெயர்தான் ‘பிஸ்கட்’. ஆயிரம் டிகிரி பக்கம் வெந்திருக்கும். ஆனாலும் பளபளப்பு இருக்காது, தண்ணீரை உறிஞ்சும். அப்புறம் கிளேஸ் பூசி மறுபடி சூளை ஏற வேண்டும். தின்கிற பிஸ்கட்டின் பெயருக்கும் லத்தீனில் ‘இரண்டு முறை சுட்டது’ என்றுதான் அர்த்தமாம்.

இப்படி நாள் முழுக்கச் சூளை எரிகிற ஊரில், என் வீட்டில் ஒரு சின்ன ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி, அவ்வளவுதான். போன ஐப்பசியில் அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் மகள் போனில் பேசும்போது, “மாமி, ஓவனே வேண்டாம். கொதிக்க வெச்சு, கிளறி, தட்டுல விட்டா பிஸ்கட்! ஓட்ஸ், சாக்லேட், கடலை. கால் மணி நேரம்” என்றாள். அங்கே சில ஊர்களில் அதற்குப் ‘பாதிரியார் பிஸ்கட்’ என்று பெயராம். ஜன்னல் வழியே பாதிரியார் வருவது தெரிந்ததும் அடுப்பில் ஏற்றினால், அவர் வந்து உட்காருவதற்குள் தயாராகிவிடுமாம். வேறு சில வீடுகளில் அதையே ‘மாட்டுச் சாணி’ என்று சொல்வார்களாம்! நான் சிரித்தேன். ஆனால் முதல் தட்டைப் பார்த்ததும் என் மாமியாரும் அதையேதான் சொன்னார். “என்னம்மா இது, வறட்டி தட்டி வெச்சிருக்கே?”

முதல் தட்டு வறட்டியாகக்கூட ஆகவில்லை. வெளியே அடைமழை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ராத்திரி முழுக்க, ஊஹூம்! கரண்டியால் வழித்துத்தான் தின்றோம். இரண்டாவது தடவை, விட்டேனா பார் என்று நன்றாகக் கொதிக்கவிட்டேன். அது தட்டில் விழுமுன்பே வாணலியில் பொலபொலவென்று உதிர்ந்துபோனது. என் கணவர்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “மொத தடவை தண்ணி உள்ளயே நின்னுடுச்சு. ரெண்டாம் தடவை மொத்தமா ஓடிடுச்சு. களிமண்ணும் இதேதான் பண்ணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது பிஸ்கட்டே இல்லை, பாகுப் பதம்! பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வித்தையா? பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். அமெரிக்கப் பெண் சொன்ன ‘ஒரு நிமிஷக் கொதி’ என்பது அந்தப் பதம்தான். கொப்புளம் ஓரத்தில் மட்டும் வரும்போது எண்ண ஆரம்பிக்கக் கூடாது. நடுவிலும் தளதளவென்று பொங்கும்போதுதான் அந்த நிமிஷம் ஆரம்பம். மழை நாளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும்.

அளவு சொல்லிவிடுகிறேன். ஒரு கப் சர்க்கரை, 2 மேஜைக்கரண்டி கோகோ பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. மூன்றையும் முதலில் உலர்ந்தபடியே கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோகோ கட்டி தட்டும். கால் கப் பால், 50 கிராம் வெண்ணெய் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். பதம் வந்ததும் இறக்கி, கால் கப் வேர்க்கடலை விழுது, ஒன்றரை கப் ஓட்ஸ், இரண்டு சொட்டு வெனிலா. சுறுசுறுப்பாகக் கிளறி, நெய் தடவிய தட்டில் கரண்டி கரண்டியாக விட்டால் பதினாறு வரும். ஓட்ஸ் சீக்கிரம் வேகும் மெல்லிய ரகமாக இருக்கட்டும். அதை ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள், நம் அவல் மாதிரி. அதனால்தான் மறுபடி சுட வேண்டியதில்லை.

கடலை விழுதைக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் பேர்போன ஊர் எங்களுடையது. வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ரகங்கள் இங்கேயுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. கடலையை வறுத்து, தோலை ஊதி, மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் முதலில் மாவாகும், பிறகு கட்டியாகும். பொறுமையாக இன்னும் இரண்டு சுற்று விட்டால் தானே எண்ணெய் கக்கிக் குழம்பாக வரும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது.

மூன்றாவது தட்டு அப்படியே பளிச்சென்று வந்தது. அதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மாமியாருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. இருபத்திரண்டு வருஷம் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர் அவர். கொலு பொம்மை செட்டில் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டே போவாராம், ஒரு பொம்மைக்கும் மாறுகண் இருக்காதாம். போன வருஷம் கண் டாக்டர், சர்க்கரை கண்ணின் பின்பக்க நரம்பைத் தொட ஆரம்பித்துவிட்டது, இனி கட்டுப்பாடு தளரக்கூடாது என்று எச்சரித்திருந்தார். அதிலிருந்து வீட்டில் எது செய்தாலும் நான் முதலில் சொல்கிற வாக்கியம், “அத்தை, உங்களுக்கு இது கூடாது” என்பதுதான். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பேத்தி பிறந்த நாளுக்கு... எட்டு வருஷமாக இதே பாட்டு.

அன்றைக்கு மட்டும் என் வாயில் வேறு வந்தது. “ஓட்ஸ்தான் அத்தை. நீங்களும் சாப்பிடலாம்.”

சர்க்கரைக்காரர்களுக்கு ஓட்ஸ் நல்லது என்று எங்கேயோ படித்தது, கேட்டது, விளம்பரத்தில் பார்த்தது எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது. ஒரு கப் சர்க்கரையை என் கையாலேயே அளந்து கொட்டியது அந்த நிமிஷம் எனக்கு நினைவே இல்லை. அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்று எடுத்தார். சாயங்காலம் ஒன்று. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், டப்பா திறக்கிற சத்தம் கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் காலையில் கிணற்றடியில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 340!

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. “எதுல எவ்வளவு சர்க்கரை போட்டீங்க, சொல்லுங்க” என்று காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒரு கப் 200 கிராம். பதினாறு பிஸ்கட். ஒன்றில் 12 கிராமுக்கு மேல், அதாவது மூன்று தேக்கரண்டி. ஒரு நாளைக்கு நான்கு தின்றால் 50 கிராம்! “நல்லா இருக்கிற ஆளுக்கே தனியா சேர்த்துக்கிற சர்க்கரை 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லியிருக்கு. இவங்களுக்கு?” என்றார். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து இருப்பது உண்மைதானாம். கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தையும் தணிக்கும். ஆனால் ஓட்ஸும் மாவுச்சத்துள்ள தானியம்தான். அதன்மேல் பாகைக் காய்ச்சி ஊற்றிவிட்டு நார்ச்சத்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார். “நீ சாப்பிடலாம்னு சொன்னே பாரு, அதுக்காகத்தாம்மா சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ருசிக்காக இல்ல.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சமையலறைக்குள் போய் அந்த டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். மறுபடி “கூடாது” பாட்டுக்குத் திரும்பவும் மனசு வரவில்லை. அத்தை சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபிறகு, டாக்டரம்மாவிடமே போய் நேராகக் கேட்டேன், வேறு மாதிரி செய்தால் ஒன்றாவது தரலாமா என்று. மாலையில் அவர் தின்னும் ரஸ்க்குக்குப் பதிலாக ஒன்றே ஒன்று, வாரத்தில் இரண்டு நாள், தின்ற இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்துக் குறித்து வர வேண்டும் என்றார்.

இதுதான் இப்போது எங்கள் வீட்டில் செய்வது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எட்டு, கால் கப் பாலில் குழைய வேகவைத்து மசித்துக்கொள்கிறேன். அதிலேயே 2 மேஜைக்கரண்டி கோகோ, சிட்டிகை உப்பு போட்டு வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி, அரை கப் கடலை விழுது, வெறும் சட்டியில் வாசனை வர வறுத்த ஒரு கப் ஓட்ஸ். பாகு இல்லாததால் தானாக இறுகாது. கையில் எண்ணெய் தொட்டுத் தட்ட வேண்டும். சின்னச் சின்னதாகப் பன்னிரண்டு வரும். பால் சேர்வதால் ஃபிரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் வைக்காதீர்கள். பேரீச்சம்பழத்திலும் இருப்பது சர்க்கரைதான் என்பதை மறந்துவிட வேண்டாம்! கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மூன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான். இது மருந்தில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆகுமா என்று உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், என்னையல்ல.

ருசி? பழைய பிஸ்கட்டின் பளபளப்பும் மொறுமொறுப்பும் இதில் வராது. என் பிள்ளைகள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். “கிளேஸ் அடிக்காத பிஸ்கட்” என்றார் என் கணவர்.

அத்தைக்கென்று ஒரு சாசர் இருக்கிறது. ஓரம் லேசாகக் கோணிப்போய் விற்பனைக்கு ஆகாமல் செகண்ட்ஸில் தள்ளியதை, எப்போதோ அவரே கொண்டுவந்தது. செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு அதில் ஒரு பிஸ்கட் வைத்து, திண்ணையில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தின்பார். முடிக்க இருபது நிமிஷமாகும். ஆறரைக்கு அவரே மெஷினை எடுத்துவந்து விரலை நீட்டுவார். எண்ணைக் காலண்டரில் அவர் கையாலேயே எழுதுகிறார். கோடு இன்னும் நேராகத்தான் விழுகிறது.

போன வெள்ளிக்கிழமை என் சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக, “ஆயா, உன்னுதுல கொஞ்சம்!” என்று கையை நீட்டினாள்.

அத்தை சாசரைச் சட்டென்று மறுபக்கம் நகர்த்திக்கொண்டார். “எனக்கு ஒண்ணுதாண்டி. போய் உங்கம்மாவைக் கேளு!”