கைவிடப்பட்ட குழிகளில் காத்திருக்கும் தண்ணீர்

1975 டிசம்பர் 27. பீகாரின் (இன்றைய ஜார்க்கண்ட்) தன்பாத் அருகே உள்ள சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கம். மதியம் ஒன்றரை மணி இருக்கும். பூமிக்கடியில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது பக்கத்துச் சுவர் உடைந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்று... அது முழுக்கத் தண்ணீர்! கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர் உள்ளே பாய, 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மூழ்கினார்கள். ஒருவர்கூட உயிருடன் திரும்பவில்லை. 1979ல் வந்த 'காலா பத்தர்' இந்திப் படம் இந்த விபத்தை வைத்து எடுக்கப்பட்டதுதான்.

இந்தியச் சுரங்க விபத்துகள் என்றதும் பலருக்கும் வெடிவிபத்துதான் நினைவுக்கு வரும். அதுவும் உண்மைதான். மீத்தேன் வாயுவும் நிலக்கரித் தூசியும் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1958ல் சினாகுரியும் (170க்கும் மேற்பட்டோர் பலி), 1965ல் தோரியும் (268 பேர் பலி) காட்டின. ஆனால் வாயுவை அளக்கக் கருவி உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீருக்கு மணமும் இல்லை, சத்தமும் இல்லை.

அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது?

நெய்வேலியில் மேல்மண்ணை அகற்றிவிட்டுத் திறந்தவெளியில் தோண்டுகிறார்கள். ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளிலோ நூறாண்டுகளுக்கும் மேலாக நிலத்தடியில் குடைந்து எடுத்திருக்கிறார்கள். கரி தீர்ந்ததும் முதலாளி குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார். மழைநீரும் ஊற்றுநீரும் அதில் நிரம்பும். பின்னால் வருபவர் பக்கத்திலேயே புதிதாகத் தோண்டுவார். இரண்டுக்கும் நடுவே கரிச்சுவர் மட்டும்தான். இன்னொரு சுரங்கத்திலிருந்து 60 மீட்டருக்குள் வந்துவிட்டால் அனுமதி இல்லாமல் மேலே தோண்டக்கூடாது என்று 1957ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகளே சொல்லிவிட்டன. நல்ல விதிதான். ஆனால் 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பழைய குழி எங்கே முடிகிறது என்று காட்டும் வரைபடம் சரியாக இருந்தால்தானே!

1954ல் நியூட்டன் சிக்லியில் 63 பேர் இப்படி நீரில் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதி வந்தது. விதி வந்த பிறகுதான் சாஸ்நாலா நடந்தது. 2001 பிப்ரவரியில் தன்பாத் பகுதியின் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர் பலி. அங்கும் பக்கத்துச் சுரங்கத்தில் தேங்கிய நீர்தான். சாஸ்நாலா வழக்கோ 2012 வரை நீண்டது. கடைசியில் இரண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறை, அவ்வளவுதான்.

மனதுக்கு ஆறுதல் தரும் ஒரு கதையும் உண்டு. 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தில் நீர் புகுந்து 71 பேர் சிக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், மேலிருந்து துளை போட்டு, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டைச் செய்து, தானே அதில் உள்ளே இறங்கினார். ஒவ்வொருவராக 65 பேர் மேலே வந்தார்கள். ஆறு பேரைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

மேகாலயாவின் எலிவளைச் சுரங்கங்களில் தவறான வரைபடம்கூடக் கிடையாது. வரைபடமே இல்லை! ஒரு மனிதர் தவழ்ந்து போகும் அளவுக்குத்தான் வளை. பசுமைத் தீர்ப்பாயம் 2014ல் இதைத் தடை செய்தது. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் நீர் புகுந்து குறைந்தது 15 பேர் சிக்கினார்கள். 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் ஒன்பது பேர். இரண்டு இடங்களிலும் கடற்படை முக்குளிப்போர் வந்தும் ஒருவரையும் உயிருடன் மீட்க முடியவில்லை.

இதே எலிவளைத் தொழிலாளர்கள்தான் 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் இயந்திரம் பழுதாகி நின்றபோது கையால் தோண்டி 41 பேரைக் காப்பாற்ற வழி செய்தார்கள். நாடே கைதட்டியது. கைதட்டி ஓய்ந்த ஒன்றரை மாதம் கழித்து... சரியாகச் சொன்னால் ஒரு வருடமும் ஒன்றரை மாதமும் கழித்து, உம்ராங்சோ நடந்தது.

இறந்தவர்கள் யாரும் அந்தப் பழைய குழிகளைத் தோண்டியவர்கள் இல்லை. யாரோ கரியை எடுத்துக்கொண்டு, கணக்கு வைக்காமல் போய்விட்டார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.