பங்குனி உத்திரத்துக்குப் புறப்பட்ட பத்மினி

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பிரீமியர் பத்மினி நிற்கிறது. 1979-ல் என் மாமனார் ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மாமாவும் அத்தையும் அதில்தான் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். 2021-ல் அத்தை தவறிப் போனார்கள். அதன் பிறகு மாமா சாவியைத் தொடவே இல்லை. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றது என்று 2023 அக்டோபரில் செய்தி வந்தபோது, பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகு நேரம் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 பங்குனியில் திடீரென்று, "இந்த வருஷம் நம்ம வண்டியிலேயே கோயிலுக்குப் போவோமாம்மா?" என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? என் கணவருக்கு வேலை சென்னையில். பாளையங்கோட்டையில் எல்லாம் என் பொறுப்புதான். உத்திரத்துக்கு இருபதே நாள் இருந்தது.

புது பாட்டரி போட்டும் வண்டி கிளம்பவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகன், "நாலு வருஷப் பழைய பெட்ரோல், அதை எடுத்துட்டாப் போதும்மா" என்றான். நான் அடுப்படியில் இருந்தேன். ரப்பர் குழாயை டாங்க்கில் விட்டு வாயால் உறிஞ்சியிருக்கிறான்! இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். கண்ணெல்லாம் சிவந்து, மூச்சிலே பெட்ரோல் வாடை.

எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் கை உப்பு ஜாடிக்குப் போய்விட்டது. நல்ல வேளை, பக்கத்து வீட்டு அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாந்தி எடுக்க வைக்காதே!" என்று கத்தினார். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, நனைந்த சட்டையைக் கழற்றி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் விளக்கினார். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்தாம். வாந்தி எடுக்கும்போது அது மறுபடி மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடுமாம். எக்ஸ்ரே எடுத்து, இரவு வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தான்.

அன்று ராத்திரி மாமா என் முகத்தைப் பார்க்காமல், "வண்டியை எடைக்குப் போட்டுரலாம்மா" என்றார். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை அழைத்து வந்தேன். விஷயத்தைக் கேட்டதும், "வண்டி மேல தப்பில்ல சார். அவசரம்தான் தப்பு" என்றார். என்னையும் கூடவே நிற்கச் சொன்னார்.

முதலில் வண்டியை வெளியே தள்ளி, பாட்டரி இணைப்பைக் கழற்றினார். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது என்றார். பழைய பெட்ரோலை இரும்பு கேனில் பிடித்தார். குடிக்கிற பாட்டிலில் பிடித்தால் யாராவது தண்ணீர் என்று குடித்துவிடுவார்களே!

டாங்க்கிலிருந்து குழாய் வழியாக பெட்ரோலை இழுப்பது, எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்ன பம்ப். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு ஏறி இறங்குகிறது. அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகிறது. அதிலுள்ள சின்னத் தொட்டி நிறைந்ததும், மிதவை எழும்பி வழியை அடைத்துவிடும், நம் மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரியேதான். பிறகு ஜெட் என்னும் பித்தளைத் துளை வழியாக வந்து காற்றோடு கலக்கிறது. பழைய பெட்ரோல் ஆவியானது போக மிச்சம் பிசினாகி அந்தத் துளையை அடைத்திருந்தது.

என் அம்மா பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் குத்துவது ஞாபகம் வந்து, ஊக்கை எடுத்து நீட்டினேன். அண்ணாச்சி சிரித்தார். "இதுக்குப் பின் கூடாது தாயி. ஓட்டை பெரிசானா பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளிரும்" என்று, கழுவிக் காற்றடித்தே சுத்தம் செய்தார்.

ரப்பர் குழாய்களையும் பம்ப் சவ்வையும் மாற்றினார். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுப்போகும், கசிந்தால் தீப்பிடிக்கும், அதற்கென்றே வரும் குழாய்தான் போடவேண்டும் என்றார்.

கடைசியில்தான் ட்யூனிங். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கலவைத் திருகை உள்ளே திருகினார். வண்டி விக்கியது. வெளியே திருகினார். திணறிக்கொண்டு ஓடியது. "காது கொடுத்துக் கேளுங்க தாயி, எங்கே ஒரே சீரா ஓடுது?" என்றார். "இங்கேதான்!" என்று நான் சொல்வதற்குள் மாமாவே சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. எங்களுடையது காபிப் பொடி நிறத்தில் இருந்தது. அதுதான் சரியாம்.

உத்திரத்தன்று மகன் ஓட்ட, மாமா முன் சீட்டில் உட்கார்ந்தார். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றும் வண்டியில் ஏறியது. வழியில் ஒரு பெட்டிக்கடை அருகே நிறுத்தச் சொல்லி, மாமா இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். "உங்க அத்தை இங்கேதான் வாங்குவா" என்று என்னிடம் நீட்டினார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஸ்கூட்டரோ காரோ இருக்கும். பெட்ரோலை வாயால் உறிஞ்ச யாரையும் விடாதீர்கள். தப்பித் தவறி உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உப்பு ஜாடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.