காடு புகுமுன்

குமணன்சாவடி என்னும் எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்த வள்ளல் குமணன் என் நினைவுக்கு வருவான். அவனைத் தேடிப் பெருந்தலைச் சாத்தனார் காட்டுக்குச் சென்றார். வறுமை அப்புலவரை அங்கே செலுத்தியது.

என் தாத்தாவையும் வறுமையே காட்டுக்கு அனுப்பியது. 1920களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்ற அவர், ரப்பர்த் தோட்டத்திற்காகக் காடு வெட்டும் பணியில் சேர்ந்தார். ஊர் திரும்பிய பின் அந்நாள்களைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசியதில்லை. கணுக்காலில் இருந்த தழும்புகளைக் காட்டி, "அட்டையை விரட்ட உப்பு வேணும், எங்களுக்குக் கஞ்சிக்கே உப்பு கிடையாது" என்று மட்டும் சொல்வார்.

பணி ஓய்வுக்கு முன் அந்நாட்டின் காட்டை ஒருமுறையேனும் நடந்து காண விரும்பினேன். மலேசியாவில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது தாமான் நெகாரா. மலாய் மொழியில் அப்பெயருக்குத் 'தேசியப் பூங்கா' என்பது பொருள். யானையும் புலியும் வாழும் மழைக்காடு அது. பயண நாளைக் குறித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐம்பது வயதைக் கடந்த உடல். முன்பின் அறியாத நாடு. துணைக்கு ஒரு முதுகுப்பை மட்டுமே.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்கச் சென்ற இளைஞர்கள் அவர்களுள் பலர். காடு நம் விருப்பத்திற்கேற்ப நடந்துகொள்வதில்லை என்பதை அந்நாள் உணர்த்தியது.

அச்சத்தைப் பற்றிய கருத்தை வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்திருப்பதை வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதை என் வாழ்வில் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் கிட்டியது. என் அச்சங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்ய வேண்டியதைக் குறித்தேன். மூச்சு வாங்குமோ என்ற அச்சத்திற்கு, மூன்று மாதம் நாள்தோறும் விடியற்காலையில் மெட்ரோ தூண்களின் ஓரமாகச் சுமையுடன் நடந்தேன். நோய் பற்றிய அச்சத்திற்கு, மருத்துவரைக் கண்டு தடுப்பூசியும் மாத்திரைகளும் பெற்றேன். ஈரத்தில் கனக்கும் பருத்தி உடைகளை விடுத்து, விரைவில் உலரும் உடைகளை எடுத்துவைத்தேன். அட்டைக்கு நீண்ட காலுறையும் ஒரு பொட்டலம் உப்பும் சேர்ந்தன. வழி தவறுவேனோ என்ற அச்சத்திற்கு, உள்ளூர் வழிகாட்டி இன்றிக் காட்டுக்குள் செல்வதில்லை என்று முடிவு செய்தேன். எல்லாவற்றுக்கும் விடை எழுதிய பின்னும் ஒன்று மட்டும் எஞ்சியது. அதற்கு எதிரே 'புலி' என்று எழுதி, இடத்தை வெறுமையாக விட்டேன்.

தெம்பெலிங் ஆற்றில் படகேறிக் குவாலா தாகானை அடைந்தேன். அனுமதிச்சீட்டு பெற்றுக் காட்டின் எல்லையில் நின்றபோது, பல்லாண்டு அனுபவமுள்ள வழிகாட்டி உடனே நடக்கத் தொடங்கவில்லை. தலையை உயர்த்தி மரங்களை நெடுநேரம் நோக்கினார். "புலியைப் பார்க்கிறீர்களா?" என்று தயக்கத்துடன் வினவினேன். அவர் சிரித்தார். "புலி மனிதரைக் கண்டால் விலகிப் போகும், பட்டுப்போன கிளை விலகாது. மழைக்குப் பின் அதற்குத்தான் நான் அஞ்சுகிறேன்" என்றார்.

காட்டை நன்கறிந்தவரும் அஞ்சுகிறார். ஆனால், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அறிந்து அஞ்சுகிறார். சாத்தனாரும் என் தாத்தாவும் வேறு வழியின்றிக் காடு புகுந்தவர்கள். எனக்கோ தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆயத்தமாகக் காலமும் இருந்தன. அவற்றை வீணாக்காமல் பயன்படுத்துவதே, உப்பின்றி நடந்த அந்தக் கால்களுக்கு நான் செய்யும் மரியாதை. தாளை எடுத்துப் 'புலி' என்பதன் கீழே 'பட்ட கிளை' என்று எழுதிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி முதல் அடியை வைத்தேன்.