பிளஸ் ஒன்னுக்கு ஒரு இடம்

இரண்டு வாரமாக எழுதவில்லை. மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காதது ஒரு பக்கம், சின்னவளுக்குப் பிளஸ் ஒன் இடம் தேடி அலைந்தது மறுபக்கம்.

எங்கள் ஊர்ப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. பாப்பா 500க்கு 411 எடுத்திருந்தாள். வேளாண்மை படிக்கணும் என்பது அவள் ஆசை. வாழவச்சனூரில் நம்ம மாவட்டத்துக்கே வேளாண் கல்லூரி இருக்கிறது. அதற்கு அறிவியல் குரூப் வேணும்.

டவுன் பள்ளிக்குப் போன அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால், "அறிவியல் குரூப் நிறைஞ்சிடுச்சுங்க, வணிகவியல்னா எழுதிக் குடுங்க" என்றார்கள். திரும்பி வரும்போது பாப்பா வாயே திறக்கவில்லை.

தனியார் பள்ளி ஒன்றில் கேட்டோம். இடம் உண்டு, வருஷத்துக்கு 60,000. வீட்டில் பேசி, சினை மாட்டை விற்பதாக முடிவு பண்ணினோம். தரகரும் வந்து பார்த்து விலை சொல்லிவிட்டுப் போனார்.

டி.சி. வாங்கப் போனேன். தலைமை ஆசிரியை உட்கார வைத்து, "அண்ணா, அவசரப்படாதீங்க" என்றார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்கணும். கடைசி இரண்டு வருஷம் தனியாருக்குப் போனால் அந்த உரிமை போச்சு. கல்லூரிக்குப் போகும்போது மாசம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் பணமும் கிடைக்காது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாட்டையும் விற்று, பிள்ளையின் வாய்ப்பையும் என் கையாலேயே கெடுத்திருப்பேனே!

அந்த அம்மாவே நாலு பள்ளிக்குப் போன் போட்டார். பக்கத்து ஒன்றியத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் இடம் இருந்தது. மறுநாளே சேர்த்துவிட்டோம். இரண்டு பஸ் மாறணும். காலையில் ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். அவள் வீடு திரும்பும் வரை அவள் அம்மாவுக்கு வாசலை விட்டுக் கண் அகலாது. அந்தக் கவலை ஒன்று மிச்சம் இருக்கிறது.

மாடு கொட்டகையில்தான் நிற்கிறது.

பட்டணத்தில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கலாம். எனக்கு டி.சி. வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. உங்கள் சொந்த ஊரில் பத்தாவது முடித்த பிள்ளை யாராவது இருந்தால், ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.